நான்கு மூலைகளில் ஒரு சுரம்

1

ஒரு தொண்டைகூட வேலை செய்யாத பாடகர் குழுவைக் கடல் கடந்து கூட்டிப்போய், கேட்டவர்கள் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழும்படி பாட வைத்தவன் இந்த நார்வே தேசத்தில், ஏன் இந்தப் பூமியிலேயே, நான் ஒருவன்தான்.

வாக்கியம் நன்றாக வந்துவிட்டது என்று காப்பிக் கோப்பையை எடுப்பதற்குள் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாட வச்சது நானு. நீ தொண்டை மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கிட்டு வந்த."

என் மனைவி யோருன். எங்கள் ஊர் இளையோர் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தியவள். நான் துணைக்குப் போனவன். சரி, பைதான் தூக்கினேன். ஆனால் அந்தப் பை இல்லாமல் எந்தக் குழு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது?

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குழுவுக்குப் பொன்விழா வருகிறது. மலர் போடுகிறார்கள். 'வெளிநாட்டுச் சுற்றுப்பயண நினைவு ஒன்று, அரைப் பக்கத்துக்கு மிகாமல், மகிழ்ச்சியானதாக' எழுதித் தரச் சொன்னார்கள். நானும் மகிழ்ச்சியாகத்தான் ஆரம்பித்தேன். அரைப் பக்கம் எப்போது தாண்டியது என்று தெரியவில்லை. மகிழ்ச்சி அதற்கும் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டது.

இன்னொன்று. நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். அடுத்தவன் வேலி அரை விரல் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனவன். ஓய்வு பெற்ற மறுநாளே, இனி ஒரு மலையை ஒரு மலையாகச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். குறைந்தது இரண்டாகச் சொல்வேன். ஆகவே இதில் வருகிற உயரம், ஆழம், குளிர் எல்லாவற்றையும் பாதியாக்கிப் படியுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாதியாக்க வேண்டாம். அந்த இடம் வந்ததும் உங்களுக்கே தெரியும்.

அதை நம்பாத ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்தச் சத்தத்துக்கு நட்டநடுவில் நின்றவளும் அவள்தான்.

2

தொடக்கங்கள்.

ஒன்று: "டென்மார்க்கின் வடமுனையிலிருந்து ஃபாரோ தீவுகளுக்குக் கப்பல் கிளம்பியபோது, தேவாலயக் கோபுரத்தை அப்படியே விழுங்கக்கூடிய அலைகள்

[ஓரத்தில் யோருனின் பென்சில்: அலையே இல்லை. மூடுபனி. எல்லோரும் சீட்டு ஆடினோம்.]

இரண்டு: "இசை என்பது மௌனத்தின்

இதை நானே அடித்தேன். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது நிற்கட்டும்: எங்கள் குழுவில் பாஸ் குரல், அதாவது அடிக்குரல் பாடுகிற பையன்கள் நான்கு பேர். வேகார்ட், தார்யை, ஐனார், அஸ்லாக். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். மற்ற மூவரையும் நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை, வேகார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரமானவன். (எவ்வளவு உயரம் என்று சொன்னால் மறுபடியும் பென்சில் வரும்.)

மூடுபனியில் கப்பல் விட்டு விட்டுச் சங்கு ஊதிக்கொண்டே போனது. நான்கு பேரும் மேல்தளத்துக்குப் போய் ஒரு பந்தயம் வைத்தார்கள். சங்கு ஊதும்போது கத்த வேண்டும். தளத்தின் மறு கோடியில் நிற்கும் பெண்களுக்கு யார் குரல் கேட்கிறதோ அவன் ஜெயித்தவன்.

"கேட்டுச்சா?" என்று வேகார்ட் ஓடி வந்து கேட்டானாம்.

"எது, அந்தக் கன்னுக்குட்டிச் சத்தமா?" என்றாளாம் ஒருத்தி. "பாவம், யாரோ கட்டிப்போட்டுட்டாங்கன்னு நெனச்சோம்."

இப்படி ஒரு பதில் கேட்ட பிறகு எந்தப் பையன் கத்தாமல் இருப்பான்? கரை தெரியும் வரை கத்தினார்கள்.

யோருனிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது: கச்சேரிக்கு முன் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன் பாடக் கூடாது, வாசலில் நின்று வருகிறவர்களின் மேலங்கியை வாங்கி மாட்ட வேண்டும். இரண்டாவது: கச்சேரி நாளன்று கண் விழித்ததிலிருந்து யாரும் பேசக் கூடாது. உப்பு வேண்டுமென்றாலும் கையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். குரலைச் சேமித்து வைக்கிறார்களாம்.

இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோளாறு தெரிகிறதா? யோருனுக்குத் தெரியவில்லை. தொண்டை போனவனுக்கு அதை மறைக்கக் காரணமும் கொடுத்து, மறைக்க வசதியும் செய்துகொடுத்திருந்தாள்.

3

அந்தத் தீவுகளில் நாங்கள் பாடப் போன ஊரின் பெயர் தாராவிக். நான் வைத்த பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் அங்கே இருக்கிறவர்கள் என்னைக் கடலில் தள்ளுவார்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களுக்குச் சிரமமும் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நவம்பர் மாதத்தில் ஒரு பிற்பகல், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் சொல்வார்கள். பழைய பெயர் முதலில், புதுப் பெயர் கடைசியில். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் அடியில் ஒரே ஒரு சுரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தம்புராவின் சுருதி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கருவி கூடாது, மனிதத் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். நான்கு மூலைகளிலும் நான்கு ஆண்கள் நிற்பார்கள். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்ற மூவர் இழுத்துப் பிடிப்பார்கள், அடுத்து அடுத்தவர். முறை தப்பாமல் மாறி மாறி மூச்சு வாங்கினால் சுரம் அறுவதில்லை.

அறுந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மிச்சப் பெயர்கள் அடுத்த வருடம்தான்.

சாதாரண வருடங்களில் ஊர்க்காரர்களே நிற்பார்கள். புதுப் பெயர் சேர்கிற வருடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. தெரிந்த பெயர் வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும், சுரம் அறும். அதனால் வெளியூர்க் குரல்களைக் கூப்பிடுவார்கள். அந்த வருடம் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

யோருனும் நானும் தங்கியது பெயிந்தா வீட்டில். நாற்பதைத் தாண்டியவள், கலகலப்பானவள். புதுப் பெயர் அவள் கணவனுடையது: ஹானுஸ். வாசலில் கதவை ஒட்டி ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், முனை வீட்டுக்குள் பார்த்தபடி நின்றது. நான் இடறி விழப் பார்த்தேன்.

"எல்லாரும் அதுல இடறுவாங்க," என்றாள் பெயிந்தா. "நானுந்தான். தினமும் நாலு தடவை."

"எடுத்து ஓரமா வைக்கலாமே?" என்றாள் யோருன்.

"பேரு வாசிக்கிற வரைக்கும் அது அங்கதான் நிக்கணும். வாசிச்சுட்டா அவரு போயிட்டாருன்னு அர்த்தம். அது வரைக்கும் வர்றாரு, இன்னும் வழியில இருக்காருன்னு அர்த்தம்." காப்பியை ஊற்றினாள். "நல்ல மனுசன்தான். ஆனா வந்துக்கிட்டே இருக்குற மனுசனோட எப்படிங்க குடும்பம் நடத்துறது? இன்னொரு வருசம் அதைத் தாண்டித் தாண்டி என்னால நடக்க முடியாது. உங்க பசங்க பிடிப்பாங்கல்ல?"

"அவனுங்களுக்குப் பாட்டு அவ்வளவா வராது," என்றாள் யோருன். "ஆனா ஒரே சுரத்துல நில்லுன்னா மாடு மாதிரி நிப்பானுங்க."

"அது போதும்," என்று சிரித்தாள் பெயிந்தா. சிரிப்பு முடிந்த பிறகும் அவள் யோருனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

வேகார்டை முதலில் நான் கோழையாகத்தான் எழுதினேன். கோழைகளை எழுதுவது சுலபம். அவர்களாகவே ஓடுவார்கள், நாம் பின்னால் போனால் போதும். பிறகு சந்தேகம் வந்து அவனையே தொலைபேசியில் கூப்பிட்டேன். இப்போது பல் மருத்துவன். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துச் சம்பாதிக்கிறான்.

"கோழையெல்லாம் இல்ல," என்றான். "காலையில சொல்லத்தான் போனேன். யோருன் முன்னாடி போய் வாயைத் திறந்தேன். விரலை உதட்டுல வச்சு ஒரு முறை முறைச்சாங்க. அந்த முறைப்ப நீங்க தினமும் பாக்குறவரு, உங்களுக்குச் சொல்லணுமா?"

வேண்டியதில்லை.

கைபேசியில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்கிற கெட்டிக்கார வாசகருக்கு: எழுதினான். 'என் குரல் போயிடுச்சு' என்று. அனுப்புவதற்குள் அவனுக்கு ஒரு கணக்கு தோன்றியது. நான் விலகினால் ஒரு மூலை காலியாகும். மூலை காலியானால் வாசிப்பே கிடையாது. அந்த அம்மாவுடைய கணவர் பெயர் வாசிக்கப்படாமல் போய்விடும். ஆனால் நான் மூலையில் நின்று வாயை மட்டும் திறந்து வைத்தால்? மூன்று பேர் பிடிப்பார்கள். மூன்று பேர் போதும். எழுதியதை அழித்தான்.

இதற்கு அடுத்த வாக்கியத்தை இங்கேயே போடலாமா, பின்னால் போட்டு உங்களைத் திடுக்கிட வைக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். இங்கேயே போடுகிறேன். தெரிந்துகொண்டு உள்ளே வந்தால்தான் சரி.

அதே காலையில், அதே ஊரின் வேறு மூன்று வீடுகளில், தார்யையும் ஐனாரும் அஸ்லாக்கும் அதே கணக்கைப் போட்டு முடித்திருந்தார்கள்.

ஒருவனும் ஒருவனிடமும் பேசவில்லை. பேசக் கூடாத நாள்.

5

நவம்பரில் அங்கே பிற்பகல் என்பது பெயருக்குத்தான். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தார் பூசிய மரத் தேவாலயம். கூரையிலிருந்து ஒரு சிறிய மரக் கப்பல் கயிற்றில் தொங்கியது. எங்கள் குழுவின் மற்றவர்கள் மாடத்தில், வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் பெயிந்தாவுக்குப் பக்கத்தில், மடியில் மிட்டாய்ப் பையோடு. யோருன் நடுவில். நான்கு மூலைகளில் நான்கு பையன்கள். வேகார்டுக்கு வாசல் பக்கத்து மூலை.

யோருன் சுருதி பார்க்கும் இசைக்கவையை முழங்கையில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டாள். மெல்ல முனகிச் சுரத்தைக் கொடுத்தாள். கையை உயர்த்தினாள்.

வேகார்ட் வாயைத் திறந்தான்.

நான்கு மூலைகளிலும் வாய்கள் திறந்தன. ஒன்றும் வரவில்லை.

[எவ்வளவு நேரம்? யோருன்: கண் இமைக்கும் நேரம். வேகார்ட்: "என் வாய்க்குள்ள இருந்த காத்து குளிர்ந்து போற வரைக்கும்." நான் எதையும் கூட்டவில்லை.]

பிறகு அது இருந்தது. 'வந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். வருவதென்றால் ஒரு தொடக்கம் வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் மேலிருந்து யாரோ மூடியை எடுத்தது போல இருந்தது. தரைப் பலகை காலுக்கடியில் அதிர்ந்தது. தொங்கிய மரக் கப்பல் மெல்ல, மிக மெல்ல, முகத்தைத் திருப்பியது.

தார்யை, நீ தெய்வம்டா என்று நினைத்துக்கொண்டான் வேகார்ட். 

போதகர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். பெயர், அப்பா பெயர், படகின் பெயர். ஒவ்வொன்றுக்கும் இடையில் சுரம் மட்டும்.

வேகார்ட் தன் முறை வந்தபோது மூச்சு எடுப்பது போல வாயை மூடித் திறந்தான். நடிப்பென்றால் முழுசாக நடிக்க வேண்டுமே. அப்போதுதான் கவனித்தான். தான் வாயை மூடிய அந்தக் கணத்திலும் தன் மூலையிலிருந்து சத்தம் குறையவில்லை. எதிர் மூலையிலிருந்து வருவதாக இருந்தால் அது அவன் முகத்தில் வந்து மோத வேண்டும். இது அவன் பிடரியில் மோதியது. சட்டைக் கழுத்துக்கு மேலிருந்த மயிர் அந்தச் சுரத்தின் நடுக்கத்தில் அசைந்தது.

அவன் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு உள்ளங்கை நுழையாது.

ஈரக் கம்பளி வாசம் வந்தது. கொஞ்சம் டீசல் வாசமும். திரும்பிப் பார்த்தால் சுரம் அறுந்துவிடும் என்று அவனுக்கு ஏனோ உறுதியாகத் தோன்றியது. பாடாதவன் திரும்பினால் சுரம் எப்படி அறும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "தெரியல," என்றான். "ஆனா திரும்பல." கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். வாய் மட்டும் திறந்தபடி.

பெயர்கள் புதிதாகிக்கொண்டே வந்தன. சபையில் ஆங்காங்கே மூக்கு உறிஞ்சும் சத்தம். கடைசிப் பெயருக்கு எல்லோரும் தலை குனிய வேண்டும், குனிந்தோம். போதகர் படகின் பெயரைச் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொன்னார். நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

சத்தமாக. தண்ணீருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டுகிறவன் வாங்குவது போல, இழுத்து, முழுங்கி. வாசல் பக்கத்து மூலையிலிருந்து. தேவாலயம் முழுக்கக் கேட்டது. சுரம் மட்டும் அறவில்லை.

என் பக்கத்தில் பெயிந்தாவின் கை வந்து மிட்டாய்ப் பையை இறுகப் பிடித்தது.

"ஹானுஸ்," என்றார் போதகர்.

யோருன் கையை மூடினாள். சுரம் நின்றது. கத்தரியால் நூலை வெட்டியது போல, பின்னால் ஒரு இழைகூடத் தொங்காமல்.

6

நான் மிகைப்படுத்த நினைத்தாலும் முடியாத காட்சி இது. பக்கத்துக் கூடத்தில் ஆட்டுக்கறி சூப். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து யோருனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அந்த நிறுத்தல் இருக்கே," என்றார் ஒரு கிழவர், "என் ஆயுசுல கேட்டதில்ல." யோருன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் நகர்ந்ததும் நேரே பையன்களின் மேசைக்கு வந்தாள்.

"இப்போ பேசலாம். எவன்டா அது?"

நான்கு பேரும் சூப்பைப் பார்த்தார்கள்.

"கடைசிப் பேருக்கு முன்னாடி, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி மூச்சு வாங்கினது எவன்? வாசல் பக்கத்து மூலை. வேகார்ட்!"

"நான் இல்ல." காகிதத்தைத் தேய்த்தது போல ஒரு சத்தம்.

"என்னடா குரல் இது?"

"கப்பல்லயே போயிடுச்சு. மன்னிச்சிடுங்க யோருன். நான் பாடவே இல்ல. வாயை மட்டும் தெறந்து வச்சிருந்தேன். தார்யை இருக்கான், பிடிச்சுக்குவான்னு..."

தார்யையின் கரண்டி பாதி வழியில் நின்றது. "நானா?" அதுவும் காகிதக் குரல். "டேய், நான் உன்னை நம்பிடா வாயைத் தெறந்தேன். எனக்கு ஒரு பொட்டுச் சத்தம் இல்ல."

"அப்போ ஐனார்..." என்றான் வேகார்ட்.

ஐனார் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குக் காகிதக் குரல்கூட மிச்சமில்லை.

எல்லோரும் அஸ்லாக்கைப் பார்த்தார்கள். அவன் முகம் மாவு நிறத்துக்குப் போயிருந்தது. "நீங்க மூணு பேரும் இவ்வளவு அருமையா பாடுறீங்களேன்னு," என்றான் கிசுகிசுப்பாக, "எனக்கு அழுகையே வந்துச்சுடா."

 வெளியே ஒரு ஆடு கத்தியது. அதற்கு நான் பொறுப்பல்ல, உண்மையிலேயே கத்தியது.

சூப் அண்டாவுக்குப் பின்னால் நின்ற பெயிந்தா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கரண்டியோடு மேசைக்கு வந்தாள்.

"அந்த மூச்சுக்கு இவனைத் திட்டாதீங்க," என்றாள். "அவரு அங்கதான் வாங்குவாரு."

"யாரு?" என்றாள் யோருன்.

"மத்த வருசமெல்லாம் அந்த மூலையில நின்னவரு அவருதானே. பேருக்கு முன்னாடி வாங்காதய்யா, பின்னாடி வாங்குன்னு போதகர் சொல்லிச் சொல்லி அலுத்துட்டாரு. ஒரு வருசமாவது கேட்டிருப்பாரா?" சிரித்தாள். போதகர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிந்தா வேகார்டின் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். "நீ குடி தம்பி. தொண்டைக்கு நல்லது."

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் நான் இடறவில்லை. எதிர்வீட்டுக்காரர் தள்ளுவண்டியில் வைக்கோல் கொண்டுபோனார். காலில் ஹானுஸின் பூட்ஸ்.

சுற்றுப்பயணத்தின் மிச்சக் கச்சேரிகளை அடிக்குரலே இல்லாமல் ஒப்பேற்றினோம். நான்கு பேரும் ஊருக்கு ஊர் மேலங்கி மாட்டினார்கள்.

7

இனி யோருனின் விளக்கங்கள். காலப்போக்கில் மாறி வந்தவை.

மாடத்தில் இருந்தவர்கள் ரகசியமாகப் பாடியிருப்பார்கள் என்பது முதலாவது. மாடத்தில் இருந்தது பெரும்பாலும் பெண்கள். அந்த ஆழத்துக்கு அவர்கள் இறங்க வேண்டுமென்றால் ஏணி வைக்க வேண்டும். பையன்கள் தங்களுக்கே தெரியாமல் பாடினார்கள் என்பது இரண்டாவது. குரல் போன பையன் தெரியாமல் பாடுவதென்றால் தெரிந்து எப்படிப் பாடுவான்? காற்று, புகைபோக்கி என்று நடுவில் சில. கடைசியில் அவள் நின்ற இடம் ஆர்கன், அந்தத் தேவாலயத்திலிருந்த காற்றுக்குழாய் வாத்தியம். குழாயில் எங்கோ மிச்சக் காற்று இருந்து, ஒரு கட்டை சிக்கி, தானாக ஊதியிருக்கும். நடக்கிற சங்கதிதான், ஆர்கன்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

"சரி," என்பேன். "நம்ம பசங்க பாடினா பாதிக்குள்ள சுரம் கீழ எறங்கிடும். அது எறங்கவே இல்லையே?"

"அதான் சொல்றேன், ஆர்கன்."

"ஆர்கன் மூச்சு வாங்குமா?"

"போய் உருளைக்கிழங்கை உரி."

இப்படியே பல வருடங்கள். ஆகவே மலருக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று, யோருனுக்குப் பிடித்தது: ஆர்கன் கட்டை சிக்கியிருந்ததை மறுநாள் கண்டுபிடித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அரைப் பக்கம். மகிழ்ச்சியானது.

முடிவு இரண்டு, எனக்குப் பிடித்தது: கதவு திறந்தது. முன்னூறு ஆண்டுகளாக மூழ்கியவர்கள் அத்தனை பேரும் நீர் சொட்டச் சொட்ட நான்கு மூலைகளிலும் வரிசைகட்டி நின்றார்கள், வரிசை கடல் வரைக்கும் நீண்டது, ஒரு திமிங்கிலம் வாசலில் தலையை நீட்டி

(இதை யோருன் படிக்கவிடாமல் ஒளித்து வைத்தேன். படித்துவிட்டாள்.)

முடிவு மூன்று: முடிவு கிடையாது. வாசகர் பார்த்துக்கொள்ளட்டும்.

மலர்க்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள். வீட்டில் சமாதானமும் வேண்டியிருந்தது. முதல் முடிவை ஒட்டி, சுத்தமாகத் தட்டச்சு செய்து, பிழை பார்க்க யோருனிடம் கொடுத்தேன். ஜெயித்துவிட்டாள், சந்தோஷப்படுவாள் என்று அடுப்பில் வாஃபிள் அப்பத்துக்கு மாவுகூட ஊற்றினேன்.

8

அவள் சந்தோஷப்படவில்லை. கடைசித் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலரை யாருக்கெல்லாம் அனுப்புறாங்க?"

"குழு போன எல்லா ஊருக்கும்."

"தாராவிக்குக்கும்?"

"ஆமா."

"அப்போ பெயிந்தா படிப்பா."

"படிக்கட்டுமே. அவ சிரிப்பா."

"யோவ், யோசிச்சுத்தான் எழுதினியா?" கண்ணாடியைக் கழற்றினாள். "ஆர்கன்னா அது தொண்டை இல்ல. தொண்டை இல்லன்னா அன்னிக்கி அந்தப் பேரை வாசிச்சதே செல்லாது. பூட்ஸைத் தூக்கிக் குடுத்துட்டு இத்தனை வருசம் நிம்மதியா இருக்குறவ. நீ அரைப் பக்கத்துல அந்த மனுசனைத் திரும்ப வழியில நிக்க வைக்கப் போற."

வாஃபிள் கருகும் வாசம் வந்தது. நான் எழவில்லை.

"ஆர்கன்னு சொன்னது நீதானே?"

"உன்கிட்டச் சொன்னேன். அவகிட்டச் சொன்னேனா?"

"அப்போ பசங்களே பாடினாங்கன்னு மாத்திடட்டுமா?"

"நாலு பேரும் உயிரோட இருக்கானுங்க. பொய்யின்னு எழுதி அனுப்புவானுங்க." தாளைத் திருப்பினாள். பென்சிலை எடுத்து, ஐந்தாம் பகுதிக்குப் போய், ஒரு வரியின் கீழே கோடு போட்டாள். "இது தப்பு."

'யோருன் கையை மூடினாள். சுரம் நின்றது.'

"எது? உன் நிறுத்தல் அவ்வளவு சுத்தமா இல்லன்னா சொல்ற? ஊரே..."

"நான் மூடல."

நான் அந்த வரியை மறுபடி படித்தேன். 

"போதகர் பேரைச் சொன்னாரு. அது நின்னுடுச்சு. தானா. என் கை மேலயே இருந்துச்சு." கையை உயர்த்திக் காட்டினாள். விரல்கள் விரிந்திருந்தன. "இத்தனை வருசத்துல என் கையைப் பாக்காம எந்தக் குழுவும் நிறுத்தினதில்ல. ரெண்டு பேர் ஒண்ணா நிறுத்துறதே கஷ்டம். அது நின்னுச்சு. நான் சுத்திப் பாத்தேன். எல்லாரும் குனிஞ்சிருந்தீங்க. பசங்க நாலு பேரும் கண்ணை மூடிக்கிட்டு, வாயைத் தெறந்தபடியே நின்னானுங்க. சத்தம் இல்ல. வாய் மட்டும் தெறந்திருந்துச்சு, நாலு மூலையிலயும்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் கையை மூடினேன். நீங்கல்லாம் தலை நிமிர்ந்தப்போ அதைத்தான் பாத்தீங்க. அப்புறம் வந்து கையைப் பிடிச்சுக் குலுக்குனாங்க. வாங்கிக்கிட்டேன். அதை வாங்கிக்கிட்ட பிறகு மிச்சத்தை எப்படி ஒத்துக்குறது?"

உயர்த்திய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். திமிங்கிலத்தையும் சேர்த்து. வாசகரே, இதற்கு மேல் ஒரு முடிவு தேவையென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"நடந்துச்சுன்னு எழுது," என்றாள் யோருன். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"நடந்துச்சு."